வேலிக்கு வெளியே பூக்கும் பதினான்கு இடங்கள்

அனுப்புநர்:
டீலியா ப்ரெக்கே (வயது 17),
ரோன்டா ப்ரெக்கேயின் மகள்,
பழைய பால்பண்ணைச் சாலை,
வெஸ்டர்லின், டன்மோர் கவுண்டி,
அயோவா.

பெறுநர்:
திருமதி ஜோலீன் ஆஷ்பி,
இயக்குநர் அவர்கள்,
இயற்கைப் பாதுகாப்பு வாரியம்,
டன்மோர் கவுண்டி.

பொருள்: லின்ட் மூலைப் புல்வெளியில் வாகன நிறுத்தத்துக்காகச் சரளைக்கல் கொட்டும் பணியை நிறுத்தி வைக்கவும், முதல் உறைபனிக்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்வையிடவும், என் மீதான நுழைவுத் தடையை அந்த ஒரு நாளுக்கு மட்டும் தளர்த்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது கடிதம், நாள் 08.07.2023. 2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 04.08.2023. 3. நுழைவுத் தடை அறிவிப்பு, நாள் 18.09.2023.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் லின்ட் மூலைப் புல்வெளியில் மூன்று இலையுதிர் காலங்களாக விதை சேகரித்து வந்த தன்னார்வலர். பதினாறு வயதில், என் தாயாரின் கையெழுத்துடன் பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பேச என்னால் முடியவில்லை என்பதே காரணம். வேறு குற்றம் எதுவும் என் மீது இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அது எட்டாம் பத்தியில் வரும். பேச முடியாததை எழுதுவது என் வழக்கம். ஆகவே மனு நீளமாக இருப்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக இடத்தைக் குறிப்பிடுகிறேன். லின்ட் மூலையில் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. முப்பத்தொரு கற்கள், சுற்றிலும் 1936-இல் போட்ட இரும்பு வேலி. அந்த வேலிக்கு மேற்கே, மண் சாலை வரைக்கும் நாற்பது தப்படி அகலத்தில் ஒரு துண்டு நிலம் உள்ளது. அதில் ஏர் பட்டதே இல்லை. அந்தத் துண்டில் அக்டோபர் 3 அன்று சரளை கொட்டி, இருபத்திரண்டு கார்கள் நிற்க இடம் செய்யப்படும் என்று ஜூன் மாதத்தில் அறிவிப்புப் பலகை வைத்தீர்கள்.

இந்த ஏற்பாடு இலையுதிர் காலப் பூக்களைப் பார்க்க நகரத்திலிருந்து வருகிறவர்களுக்காக என்பதை அறிவேன். அவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. செப்டம்பர் 9, சனிக்கிழமை, டெ மொய்னிலிருந்து நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் வரிசையின் கடைசியில் நடந்தேன். பொன்கோல் பூவின் மகரந்தம் எல்லோருடைய சட்டைக் கையிலும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஒருவருடைய தொப்பியில் மோனார்க் பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்துவிட்டது. தன் மகன்கள் பார்க்கட்டும் என்று அவர் பத்து நிமிடம் அசையாமல் சிலை போல நின்றார். கடைசி வரை வாய் திறக்காத நீல ஜென்ஷியன் பூவுக்குள் ஒரு தடித்த வண்டு முட்டி மோதிப் புகுந்தபோது, அத்தனை பேரும் முழங்காலிட்டுப் பார்த்தார்கள். உள்ளே வண்டு திரும்ப, பூ முழுவதும் நடுங்கியது. யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவ்வளவு இயல்பாக இருந்த கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர்களுடைய கார்கள் சாலைச் சரிவில் சாய்ந்து நின்றதையும் பார்த்தேன். நிறுத்துமிடம் தேவைதான். தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

3. அந்தத் துண்டு நிலத்தில் பதினான்கு பாத்திகள் இருக்கின்றன. பாத்தி என்பது நான் இட்ட பெயர். யாரும் அங்கே எதையும் பயிரிட்டதில்லை. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து முதல் உறைபனி வரை, ஆள் உயரப் புல்லுக்கு நடுவே, வெள்ளை ஆஸ்டர் மட்டும் அடர்ந்து பூக்கும் நீண்ட கட்டங்கள் அவை. ஓரங்கள் நேராக இருக்கும். பெரும்பாலானவை நான்கடி நீளத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்று இரண்டரை அடிதான். எல்லாம் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. வேலிக்குள் இருக்கும் முப்பத்தொரு கல்லறைகளும் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கின்றன.

திசைகாட்டிச் செடியின் இலைகள் வடக்கு தெற்காக நிற்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் வேர் பதினைந்து அடி ஆழம் போகும். ஒரு செடி நூறு வருடம் இருக்கும். அந்தத் துண்டு முழுவதும் அந்தச் செடி உண்டு. பாத்திகளுக்குள் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆறடி ஆழத்துக்கு வெட்டி, அத்தனை வேரையும் அறுத்து, மறுபடி மூடிய மண்ணில் அது திரும்ப வருவதில்லை. அந்த இடத்தை ஆஸ்டர் எடுத்துக்கொள்ளும்.

2021-இல் பதினொன்று எண்ணினேன். 2022-இல் பதிமூன்று. இவ்வருடம் பதினான்கு. அவை கூடுவதாக நான் சொல்ல வரவில்லை. பார்க்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

4. ஜூலை 8 அன்று இதைத் தங்களுக்கு எழுதினேன். ஜூலை 19 அன்று புல்வெளிக் காப்பாளர் திரு. கர்ட் லாம்ப்ரெக்ட் அந்தத் துண்டு முழுவதையும் இயந்திரத்தால் வெட்டிப் பார்வையிட்டு, "குறிப்பிடத்தக்க அடையாளம் எதுவும் இல்லை, களை மட்டுமே" என்று அறிக்கை தந்ததாகத் தங்கள் பதிலில் இருந்தது. அவர் எழுதியது பொய்யல்ல. ஜூலையில் ஆஸ்டர் பூக்காது. ஆனால் ஜூலையில் வெட்டியதால் இந்த வருடம் புல் உயரவில்லை. ஆஸ்டர் குட்டையாகவும் நெருக்கமாகவும் பூத்தது. முன்பு புல்லை விலக்கி உள்ளே போனால்தான் தெரிந்த பாத்திகள் இப்போது வெளியே நின்றாலே தெரிகின்றன. அவற்றை வெளியே கொண்டுவந்தது திரு. லாம்ப்ரெக்டின் இயந்திரம்தான்.

5. இனி எழுதுபவை அலுவலகக் கோப்புக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. ஆனால் விட்டுவிட்டு எழுதினால் பாதி உண்மையாகிவிடும்.

செப்டம்பர் 5 அன்று விடியும் வேளையில், பனிமூட்டத்தில், அந்தத் துண்டிலிருந்து மான்கள் எழுந்ததைப் பார்த்தேன். ஆறு மான்கள். ஒரு பாத்திக்கு ஒன்று வீதம் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் பாத்தியின் நீளத்துக்கு, தலை மேற்கே இருக்கப் படுத்திருந்தது. பூக்கள் அழுந்திய அடையாளத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் விதைக் குழுவை நடத்தும் மார்சி டுவோராக்கிடம் இதை ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். புல்லைவிட ஆஸ்டர் மெத்தென்று இருக்கும், காற்று வரும் பக்கம் பார்த்து மான் படுக்கும் என்றார். முதல் பாதியை ஏற்கிறேன். அன்று காற்று இல்லை.

இன்னொன்று, சில்வண்டு. செப்டம்பரில் புல்வெளியில் எங்கே நின்றாலும் அதன் ஓசை காலடியிலிருந்தே வரும். பாத்திக்குள் நின்றால் அப்படி வருவதில்லை. சுற்றிலும் கேட்கிறது, கீழே மட்டும் கேட்பதில்லை.

6. செப்டம்பர் 11 அன்று வடக்கிலிருந்து நான்காம் பாத்தியின் கால்மாட்டில், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வளைக்கரடி புதிதாகத் தோண்டியிருந்தது. வெளியே தள்ளிய மண்ணின் மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் பொத்தான் கிடந்தது. நான்கு துளை, என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. குழந்தைச் சட்டையின் பொத்தான். எடுத்தது தவறென்று தோன்றியதால் வளைக்குள் கை நீட்டி, எட்டிய மட்டும் உள்ளே வைத்து மண்ணால் மூடினேன்.

13-ஆம் தேதி காலையில் அது மறுபடி மண்ணின் மேல் இருந்தது. மறுபடி வைத்தேன். இம்முறை ஒரு கல்லையும் மேலே வைத்தேன்.

15-ஆம் தேதி கல் ஓரமாக இருந்தது. பொத்தான் கல்லின் மேல் இருந்தது. வளைக்கரடி தன் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்யும் விலங்கு; தனக்கு வேண்டாததை வெளியே தள்ளும். அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாம் முறை நான் அதைத் திருப்பி வைக்கவில்லை. இம்மனுவுடன் இணைத்துள்ளேன்.

7. தன்னார்வலர்களுக்கு வாரியம் தந்த விதித்தாளில் ஆறாவது விதி, புல் தலைக்கு மேல் இருக்கும் இடங்களில் ஆட்கள் ஒரு கை தூரம் விட்டு வரிசையாக நடக்க வேண்டும், கால் மணிக்கு ஒரு முறை வடக்கிலிருந்து தெற்காக அவரவர் எண்ணைக் குரல் கொடுக்க வேண்டும் என்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தை புல்லுக்குள் நாற்பது நிமிடம் காணாமல் போனதிலிருந்து வந்த விதி. எண் சொல்வது ஒன்றுதான் அங்கே நான் வாய் திறந்தாக வேண்டிய நேரம். அதனால் எப்போதும் கடைசியில் நிற்பேன். கடைசி எண்ணை யாரும் கூர்ந்து கேட்பதில்லை. எண்ணிக்கை முடிந்த நிம்மதியில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

செப்டம்பர் 16, சனிக்கிழமை காலையில் விதை சேகரிக்கப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கடும் மூட்டம், பக்கத்தில் இருப்பவருடைய வாளி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. வெட்டாத புல் வழியாக வந்து, நான் அந்தத் துண்டின் ஓரத்தை ஒட்டி நடந்தேன். மார்சி "ஒன்னு" என்றார். எண் வரிசையாக வந்தது. பதினொன்று வந்தது. நான் "பன்னெண்டு" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன்.

அதன் பிறகு "பதிமூணு" என்று கேட்டது.

தெளிவான சிறு குரல். அவசரமில்லை. விளையாட்டாகவும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. எனக்கும் அப்பால், தெற்கிலிருந்து வந்தது. தெற்கில் அந்தத் துண்டு நிலத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் கேட்டது. ஆனால் எல்லோரும் அது நான் என்று நினைத்தார்கள். ஏனெனில் என் "பன்னெண்டு" யாருக்கும் கேட்கவில்லை. மார்சி மூட்டத்துக்குள்ளிருந்து, "பன்னெண்டுடி கண்ணு, பதிமூணு இல்ல. ஜென்ஷியன் பூ ஒரு வழியா வாயத் தொறந்துச்சு, தொறந்ததும் கணக்குத் தப்பிடுச்சு" என்றார். அனைவரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. என்னை அவர்கள் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. அதை மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனமும் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை எண் சொன்னோம். இரண்டு முறையும் நான் சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தன் முறை முடிந்தது போல.

8. மறுநாள், ஞாயிறு, பாத்திகளைக் கயிற்றால் அளந்து வரைபடம் போடச் சென்றேன். முந்தின நாள் சேகரித்த விதை காகிதப் பையில் என் இடுப்பில் இருந்தது. திரு. லாம்ப்ரெக்ட் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கயிற்றையும் பையையும் பார்த்தார். ஜூலையில் இல்லாத பாத்திகள் செப்டம்பரில் இருப்பதையும் பார்த்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குப் புரிகிறது. சரளையை நிறுத்துவதற்காக நானே நட்டேன் என்று நினைத்தார்.

அவர் கேட்டது இது: "நீதான நட்ட? இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ பொண்ணு, அவ்வளவுதான்."

ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. பள்ளியில் எப்படி வராதோ அப்படியே வரவில்லை. அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, "இங்க ஒன்னும் இல்ல. பதினேழு வருஷமா இது மேலதான் வண்டியத் திருப்புறேன். இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?" என்றார். இதை மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காலடியைப் பார்த்தார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் மீது நடவடிக்கை எதுவும் கோரவும் இல்லை.

மறுநாள் தடை அறிவிப்பு வந்தது. அதில் "கேட்டபோது மறுக்கவில்லை" என்று எழுதப்பட்டுள்ளது. அம்மையீர், என் மௌனம் ஒப்புதல் அல்ல. அது எனக்குப் பிறவியிலிருந்து இருப்பது. இதற்கு மறுப்பாக இரண்டு செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஒன்று, அன்று அவர் என்னிடமிருந்து பறிமுதல் செய்த பையில் இருப்பது திசைகாட்டிச் செடியின் விதை. ஆஸ்டர் விதை அக்டோபர் பிற்பாதியில்தான் முற்றும். பையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். இரண்டு, பதினைந்து அடி ஆழ வேர்களை எல்லாம் ஒரு பெண் மண்வெட்டியால் அகற்றி, மேலே தடம் தெரியாமல் மூட முடியுமா என்பதை வாரியத்தின் தாவர அறிஞரிடம் கேட்டறியலாம்.

9. தடை வந்த மறுநாள், 19-ஆம் தேதி, மார்சி என்னை ஊர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். "நட்டிருந்தா என்கிட்ட சொல்லிரு, திட்டமாட்டேன்" என்று வழியில் ஒரு முறை கேட்டார். நான் தலையசைத்து மறுத்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே இரும்பு அலமாரியில் பழைய அடக்கப் பதிவேடு இருக்கிறது. கேட்டால் காட்டுகிறார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

1877, செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 1 வரை பதினான்கு பதிவுகள். அனைத்தும் குழந்தைகள். தொண்டை அடைப்பான் நோய். எழுதியவர் கல்லறைத் தோட்டத்தைக் கவனித்து வந்த ஏ. லின்ட் என்பவர். அந்த மூலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "நோய் காரணமாக மற்றவரிடமிருந்து தள்ளி, மேற்கே" என்று முதல் பதிவில் உள்ளது. ஒவ்வொன்றின் கீழும் "மரப்பலகை நடப்பட்டது" என்று உள்ளது. அதன் கீழே, பதினான்கு முறையும், ஒரே மாதிரி இரண்டு வரிகள்:

வெட்டியது நான்.
எண்ணியது மகள்.

முதல் பதிவின் ஓரத்தில் மட்டும், "வயது ஒன்பது, எண்ணிக்கை தவறாதவள்" என்று சிறிய எழுத்தில் இருக்கிறது.

பதினான்காவது பதிவோடு லின்டின் கையெழுத்து நின்றுவிடுகிறது. அடுத்த பதிவு பிப்ரவரியில், வேறொருவர் கையில். லின்ட் என்ன ஆனார், அந்த மகள் என்ன ஆனாள் என்பதற்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை. 1878 ஏப்ரலில் அந்தப் புதிய கை, "வசந்தத் தீயில் மேற்குப் பலகைகள் போயின" என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். பலகை போனபின் இடம் தெரியவில்லை. 1936-இல் வேலி போட்டவர்கள் கல் இருந்த இடத்தைச் சுற்றிப் போட்டார்கள். கல் இல்லாதவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் நாம் இன்னும் அந்தத் தீயை வைக்கிறோம். தீ இல்லாவிட்டால் புல்வெளி இல்லை, பூ இல்லை என்பது எனக்குத் தெரியும். பெயர்களை எரித்ததும் அதே தீதான். இடங்களைப் பூக்களால் காட்டிக்கொண்டிருப்பதும் அதே தீதான்.

10. நேற்று, 20-ஆம் தேதி, நடந்ததே இம்மனுவை இன்றே எழுத வைத்தது.

தடையை நான் மீறவில்லை. சாலை பொதுவானது, சாலையில் நிற்க எனக்கு உரிமை உண்டு. என் தாயார் முட்டைப் பண்ணையில் காலை முறை முடித்து வந்து, தம் வண்டியைச் சாலையோரத்தில், அந்தத் துண்டுக்கு நேராக நிறுத்தினார். "ஏறு. நான் புடிச்சுக்கிறேன். ஒன்னும் பேச வேணாம், பாத்துட்டு எறங்கு" என்றார். நான் வண்டியின் கூரை மேல் ஏறி நின்றேன். மூன்று வருடங்களாக உள்ளே நடந்து நடந்து பார்த்த இடத்தை முதல் முறையாக மேலிருந்து பார்த்தேன்.

பதினான்கும் ஒரே வரிசையில், பல் வரிசை போல இருந்தன. அவற்றின் கால்மாட்டில், தெற்குக் கோடியில், இன்னொன்று இருந்தது.

இது பெரியவர் ஒருவரின் நீளம். கிழக்கு மேற்காக இல்லை. வடக்கு தெற்காக, அதுவும் சற்றுக் கோணலாக, மற்றவற்றின் காலடியில் குறுக்கே கிடந்தது. ஓரங்கள் நேராக இல்லை. ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் குறுகல். இத்தனை நாள் என் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. இதற்குள் திசைகாட்டிச் செடிகள் நிற்கின்றன. வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அங்கங்கே மூன்று செடிகள். அதாவது குழி ஆழமாக வெட்டப்படவில்லை. இரண்டடி இருக்கலாம். மேல் வேர் அறுந்து, அடி வேர் உயிரோடு இருந்து, செடி மறுபடி மேலே வந்திருக்கிறது.

வழக்கம் தெரிந்தவர் தலையை மேற்கே வைப்பார். வலு உள்ளவர் ஆறடி வெட்டுவார். இதை வெட்டியவருக்கு இரண்டும் இல்லை. ஆனால் இறந்தவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

பதினான்கை வெட்டியவர் லின்ட். பதினைந்தாவது லின்டாகத்தான் இருக்க வேண்டும். அதை வெட்டியது, எண்ணியவள்.

கீழே நின்ற என் தாயார், "பதினாலா?" என்று கேட்டார். நான் "பதினஞ்சு" என்றேன். சத்தமாகவே வந்தது. முந்தின இரவு பதிவேட்டின் நகலை அவரும் படித்திருந்தார். என் காலைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், "எண்ணின சின்னப் புள்ளைக்கு யாரு வெட்டினா?" என்று கேட்டார். பதினாறாவது ஒன்று இருக்கிறதா என்று இருட்டும் வரை பார்த்தேன். இல்லை. அவள் நடந்து வேறு ஊருக்குப் போயிருக்கலாம். வாழ்ந்து கிழவியாகி, பெயர் பொறித்த கல்லின் கீழ் எங்கோ இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் 16-ஆம் தேதி காலையில் நான் கேட்டதை நான் கேட்டேன்.

11. ஆகவே தங்களிடம் நான் பணிந்து வேண்டுவது:

அ) அக்டோபர் 3 சரளைப் பணியை நிறுத்தி வைக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே முன்பு சோளம் போட்ட நிலம் வாரியத்துக்கே சொந்தமாக இருக்கிறது. அங்கே ஏர் ஓடி ஓடி எல்லா வேர்களும் போய்விட்டன. இருபத்திரண்டு கார்களும் அங்கே நிற்கலாம். பூப் பார்க்க வருகிறவர்கள் அறுபது தப்படி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். அந்த அறுபது தப்படியும் பொன்கோல் பூ வழியாகத்தான்.

ஆ) முதல் உறைபனிக்கு முன் தாங்கள் நேரில் வர வேண்டும். உறைபனி விழுந்த மறுநாள் ஆஸ்டர் பழுத்துக் கறுத்துவிடும், பாத்தி தெரியாது. பிறகு வருகிறவர் எவரும் "களை மட்டுமே" என்றுதான் எழுதுவார், அதுவும் பொய்யாக இராது. வானொலியில் அக்டோபர் முதல் வாரம் என்கிறார்கள். திரு. லாம்ப்ரெக்டையும் அழைத்து வர வேண்டுகிறேன். அவர் பார்ப்பது எனக்கு முக்கியம்.

இ) அந்த ஒரு காலைக்கு மட்டும் என் மீதான தடையைத் தளர்த்த வேண்டும். இடங்களைச் சுட்டிக்காட்ட வேறு ஆள் இல்லை. தாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான் வாயால் பதில் சொல்லாமல் போகலாம். ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு வருவேன். என்னைப் பொய்க்காரி என்று அதற்குள் முடிவு செய்துவிட வேண்டாம்.

ஈ) கடைசியாக ஒன்று. இது வாரியத்தின் சொந்த விதி என்பதால் கேட்கத் துணிகிறேன். அன்று உள்ளே போகும்போது ஆறாவது விதிப்படி வரிசையாக நின்று எண் சொல்லிப் போக வேண்டும். தாங்கள் முதலில் நில்லுங்கள். நான் வழக்கம்போல் தெற்கில், கடைசியில் நிற்கிறேன். என் எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். இதை வாக்குறுதியாகவே எழுதித் தருகிறேன். அதன் பிறகு யாரும் உடனே பேச வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். மூன்று மூச்சு விடும் நேரம் பொறுத்துக் கேளுங்கள். கேட்ட பின் சரளையைப் பற்றித் தாங்கள் என்ன முடிவு செய்தாலும் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

தங்கள் வருகையைச் சாலையோரத்திலிருந்து எதிர்பார்த்திருக்கும்,

டீலியா ப்ரெக்கே
(கையொப்பம்)

இடம்: வெஸ்டர்லின்
நாள்: 21.09.2023

இணைப்பு:
1. அடக்கப் பதிவேடு, 1877, மூன்று பக்கங்களின் நகல்.
2. கயிற்றால் அளந்த வரைபடம் ஒன்று. பதினைந்தாவது பென்சிலால் சேர்க்கப்பட்டுள்ளது. அது சாலையிலிருந்து கண்ணால் அளந்தது.
3. வெள்ளைப் பீங்கான் பொத்தான் ஒன்று. பார்த்த பின் திருப்பித் தர வேண்டுகிறேன். அது என்னுடையதல்ல.